முதல் கேள்வி கடைசி பெஞ்சுக்கு

திருமங்கலம் அரசு பெண்கள் மேல்நிலைப் பள்ளி மாணவிகள் 10 பேரின் உழைப்பு 2022-ல் ராக்கெட்டில் ஏறியது. நாடு முழுவதும் 75 அரசுப் பள்ளிகளைச் சேர்ந்த 750 மாணவிகள் பங்கெடுத்த 'ஆசாதிசாட்' செயற்கைக்கோளில் இவர்களும் இருந்தார்கள். மொத்த எடை 8 கிலோ. ஒவ்வொரு பள்ளிக்கும் சுமார் 50 கிராம் எடையில் ஒரு சிறு கருவி. ஒருங்கிணைத்தது சென்னையின் 'ஸ்பேஸ் கிட்ஸ் இந்தியா' அமைப்பு. நம் மாவட்டத்துக்குப் பெருமை தந்த செய்தி அது. பத்திரிகைகள் படம் போட்டன, பாராட்டு விழாக்கள் நடந்தன.

அதற்குப் பிறகு நடந்ததுதான் உண்மையான பாடம். 2022 ஆகஸ்ட் 7 காலை ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து எஸ்.எஸ்.எல்.வி. ராக்கெட் முதன்முறையாகக் கிளம்பியது. இரண்டாம் அடுக்கு பிரியும்போது ஏற்பட்ட அதிர்வில், வேகமாற்றத்தை அளக்கும் உணரிகள் சில நொடிகள் தடுமாறின. உணரிகளே பழுதாகிவிட்டன என்று ராக்கெட்டின் கணினி முடிவு செய்துகொண்டது. 356 கிலோமீட்டர் உயரத்தில் வட்டமாகச் சுற்ற வேண்டிய செயற்கைக்கோள், ஒரு பக்கம் 76 கிலோமீட்டர் வரை தாழ்ந்துபோகும் பாதையில் விடப்பட்டது. அந்த உயரத்தில் காற்றின் உராய்வு இருக்கிறது. செயற்கைக்கோள் நிலைக்காமல் விழுந்தது.

ஆறு மாதத்தில் தவறைக் கண்டுபிடித்துச் சரிசெய்தார்கள். 2023 பிப்ரவரி 10 அன்று இரண்டாவது எஸ்.எஸ்.எல்.வி., 'ஆசாதிசாட்-2' செயற்கைக்கோளை 450 கிலோமீட்டர் உயரத்தில் சரியாகக் கொண்டுபோய்ச் சேர்த்தது.

விஞ்ஞானிகளும் தோற்பார்கள், ஏன் தோற்றோம் என்று உட்கார்ந்து தேடுவார்கள், மறுபடியும் செய்வார்கள். இதை எந்தப் பாடப்புத்தகமும் இவ்வளவு தெளிவாகச் சொல்லாது. வேலை செய்யும் விஞ்ஞானியோடு பிள்ளைகளைச் சேர்த்துவைப்பதன் பயன் இதுதான். 75 ஊர்களில் இருந்த பள்ளிகளைச் சென்னையிலிருந்து ஒரு அமைப்பு தொலைவிலிருந்தே வழிநடத்த முடிந்தது என்பதும் கவனிக்க வேண்டியது. தூரம் ஒரு சாக்காக இருந்த காலம் போய்விட்டது.

இனி நாம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான். திருமங்கலத்தின் 10 மாணவிகளுக்குத் திறந்த அந்தக் கதவு, சேடபட்டி, கொட்டாம்பட்டி, தே.கல்லுப்பட்டி ஒன்றியங்களின் காலனிப் பிள்ளைகளுக்கு எப்போது திறக்கும்?

யாரிடம் முதலில் போகிறது?

மத்திய அரசின் அறிவியல் தொழிலக ஆராய்ச்சிக் குழு 2017 ஜூலை 6 அன்று 'ஜிக்யாசா' திட்டத்தைத் தொடங்கியது. தன்னுடைய 38 ஆய்வகங்களை மாணவர்களுக்குத் திறந்துவிட்டு, ஆண்டுக்கு 1 லட்சம் மாணவர்களையும் 1,000 ஆசிரியர்களையும் விஞ்ஞானிகளோடு இணைப்பது நோக்கம். நல்ல திட்டம். ஆனால், எந்தப் பள்ளிகளில் தொடங்கினார்கள்? 1,151 கேந்திரிய வித்யாலயாக்களில். மத்திய அரசு ஊழியர்களின் பிள்ளைகளுக்கு முன்னுரிமை தரும் பள்ளிகள் அவை. பிறகுதான் மற்றப் பள்ளிகளுக்கும் விரிந்தது.

இதில் யாருடைய கெட்ட எண்ணத்தையும் தேட வேண்டியதில்லை. கடிதம் போட்டால் மறுநாளே பதில் வரும் பள்ளி, இணைய வசதி உள்ள பள்ளி, ஆங்கிலத்தில் பேசும் பள்ளி எதுவோ அங்கேதான் எந்தத் திட்டமும் முதலில் போய் நிற்கும். ஊர்த் தெருவில் தார் போட்டு முடித்த பிறகு, மிச்சம் இருந்தால் காலனிக்கு என்கிற அதே வரிசை. மிச்சம் இருப்பதில்லை என்பது நமக்குத் தெரியும்.

இணையம் இந்த வரிசையைத் தானாக மாற்றிவிடாது. கொரோனா காலத்தில் நாம் பார்த்தோம். பொருளாதார அறிஞர் ஜான் திரேஸ் உள்ளிட்டோர், தமிழ்நாடு உட்பட 15 மாநிலங்கள், யூனியன் பிரதேசங்களில் 2021 ஆகஸ்டில் சுமார் 1,400 பிள்ளைகளிடம் ஆய்வு நடத்தினார்கள். கிராமப்புறத்தில் தொடர்ந்து இணையவழியில் படித்தவர்கள் 8 விழுக்காடு மட்டுமே. அதிலும் தலித், பழங்குடிப் பிள்ளைகளில் 4 விழுக்காடு. மற்றவர்களில் 15 விழுக்காடு. ஒரே கிராமம், ஒரே செல்போன் கோபுரம். ஆனால், அலைவரிசை போய்ச் சேர்ந்த வீடுகள் வேறு வேறு.

அதனால், 'ஆன்லைனில் விஞ்ஞானி பேசுகிறார், விருப்பமுள்ளவர்கள் இணையலாம்' என்று ஒரு இணைப்பை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டால் கடமை முடிந்தது என்று நினைக்கக் கூடாது. வீட்டில் ஒரே போன், அதுவும் அப்பாவோடு வேலைக்குப் போய்விடும் என்றால் அந்தப் பிள்ளை எதில் இணையும்? இடம் பள்ளியாக இருக்க வேண்டும். நேரம் பள்ளி நேரமாக இருக்க வேண்டும்.

வசதி இல்லை என்றும் சொல்ல முடியாது. தமிழ்நாட்டில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட அரசு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் உயர்தொழில்நுட்ப ஆய்வகம் அமைக்கப்பட்டிருக்கிறது. கணினி இருக்கிறது, புரொஜெக்டர் இருக்கிறது, இணைய இணைப்பு இருக்கிறது. பல இடங்களில் அது இணையவழித் தேர்வுக்கும் எமிஸ் பதிவுக்குமே செலவாகிறது என்பது ஆசிரியர்களே சொல்லும் குறை. மாதத்தில் ஒரு பிற்பகல் அதை விஞ்ஞானிக்குக் கொடுத்தால் குடி முழுகிப் போகாது.

கை தூக்காத பிள்ளை

இடமும் இணைப்பும் கிடைத்த பிறகும் ஒரு சுவர் மிச்சம் இருக்கும். உத்தப்புரத்தின் சுவரைப் போல அது கண்ணுக்குத் தெரியாது. 2008 மே மாதம் அந்தச் சுவரின் ஒரு பகுதியை இடிக்க அரசு இயந்திரத்தால் முடிந்தது. இந்தச் சுவரை இடிக்க புல்டோசர் உதவாது.

சிறப்பு விருந்தினர் வந்தால் பள்ளியில் என்ன நடக்கிறது? 'நல்லா பேசுற பிள்ளை'யைத் தேர்ந்தெடுப்பார்கள். கேள்வியை ஆசிரியரே எழுதிக் கொடுப்பார். பிள்ளை மனப்பாடம் செய்து ஒப்பிக்கும். விருந்தினர் பாராட்டுவார். மற்றவர்கள் கைதட்டுவார்கள். இணையவழி நிகழ்ச்சியும் இப்படியே நடந்தால், முன்வரிசையில் மூன்று பேர் விஞ்ஞானியோடு பேசுவார்கள், 97 பேர் சினிமா பார்ப்பது போலப் பார்ப்பார்கள். வருகைப் பதிவேட்டில் மட்டும் 100 இருக்கும்.

அந்த மூன்று பேர் யார், கடைசி பெஞ்சில் வாய் திறக்காமல் இருப்பவர் யார் என்பதை நம் ஊர்களில் பெரும்பாலும் சாதிதான் தீர்மானிக்கிறது. அண்ணல் அம்பேத்கர் வகுப்பில் தனியாகச் சாக்கில் உட்கார வைக்கப்பட்டார் என்று படிக்கிறோம். இன்று சாக்கு இல்லை. ஆனால், தப்பாகக் கேட்டுவிட்டால் சிரிப்பார்கள், 'இவனுக்கு இதெல்லாம் எதுக்கு' என்று யாராவது சொல்வார்கள் என்கிற அச்சம் இருக்கிறது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில், நன்றாகப் படித்த ஒரு தலித் மாணவன் சக மாணவர்களால் வீடு புகுந்து வெட்டப்பட்டதை இந்தப் பிள்ளைகள் அறிவார்கள். முன்னே வந்து நிற்பதற்கு என்ன விலை என்பதும் அவர்களுக்குத் தெரியும்.

இதற்கு இணையத்திலேயே ஒரு வழி இருக்கிறது. பிரிட்டனில் 'ஐயம் எ சயின்டிஸ்ட்' என்ற நிகழ்ச்சி பல ஆண்டுகளாக நடக்கிறது. அதில் மாணவர்கள் விஞ்ஞானியிடம் வீடியோவில் பேசுவதில்லை. தட்டச்சில்தான் கேட்கிறார்கள். சுமார் அரை மணி நேரம் கேள்வியும் பதிலும் எழுத்தாக ஓடிக்கொண்டே இருக்கும். முகம் தெரியாது, குரல் தெரியாது, உட்காரும் வரிசை தெரியாது. யாருடைய கேள்வி நல்ல கேள்வி என்பது மட்டுமே தெரியும். கூச்சப்படும் பிள்ளைக்காக அங்கே செய்த ஏற்பாடு, சாதியால் வாயடைக்கப்பட்ட பிள்ளைக்கு இங்கே இன்னும் அதிகமாகப் பயன்படும்.

தமிழில் தட்டச்சு வராதே என்று கவலைப்பட வேண்டாம். ஒரு அட்டைப்பெட்டி போதும். நிகழ்ச்சிக்கு ஒரு வாரம் முன்பே வகுப்பில் வைத்துவிடலாம். பெயர் எழுதாத துண்டுச்சீட்டில் எல்லாரும் ஒரு கேள்வி எழுதிப் போட வேண்டும். குலுக்கி எடுத்து, வருகிற கேள்வியை அப்படியே விஞ்ஞானியிடம் படிக்க வேண்டும். ஆசிரியர் வடிகட்டக் கூடாது.

நம் பிள்ளைகளிடம் இருக்கும் கேள்விகள்

காலனிப் பிள்ளைகளுக்கு விஞ்ஞானியிடம் கேட்க என்ன இருக்கப்போகிறது என்று நினைப்பவர்கள் உண்டு. 2022 ஏப்ரலில் மதுரை நேரு நகரில் கழிவுநீரேற்று நிலையத்தில் 3 ஒப்பந்தத் தொழிலாளர்கள் விஷவாயு தாக்கி இறந்தார்கள். இந்த வேலையில் காலம் காலமாக யாரை இறக்குகிறார்கள் என்பதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அப்படி ஒரு குடும்பத்துப் பிள்ளை வேதியியல் விஞ்ஞானியிடம் என்ன கேட்கும்? 'அது என்ன வாயு? இறங்கும்போது நாற்றம் அடித்தால் வெளியே ஏறிவிட முடியாதா?' என்று கேட்கும்.

அந்தக் கேள்விக்குப் பதில் இருக்கிறது. கழிவுநீர்க் குழியில் ஹைட்ரஜன் சல்பைடு சேர்கிறது. காற்றைவிடக் கனமானது, அதனால் அடியில் தங்கும். கொஞ்சமாக இருக்கும்போது அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். பத்து லட்சத்தில் நூறு பங்கு அளவுக்கு மேல் போனால், மூக்கு அந்த நாற்றத்தை உணரும் திறனையே இழந்துவிடும். 'நாற்றம் போய்விட்டது, ஆபத்தில்லை' என்று ஆள் நினைக்கும்போதுதான் ஆபத்து உச்சத்தில் இருக்கும். கூடவே இருக்கும் மீத்தேனுக்கு மணமே கிடையாது. அது ஆக்ஸிஜனின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். ஒருவர் மயங்கி விழுந்தால் காப்பாற்றக் குதிக்கும் இரண்டாவது ஆளும் மூன்றாவது ஆளும் ஏன் சாகிறார்கள் என்பது இதில் விளங்கும். மனிதரை இறக்குவதைத் தடுக்கும் 2013-ம் ஆண்டுச் சட்டம் ஏன் தேவைப்பட்டது என்பதும் விளங்கும்.

பத்தாம் வகுப்பு வேதியியலைவிட இது கடினமில்லை. ஆனால், இந்தக் கேள்வி கேந்திரிய வித்யாலயா வகுப்பறையிலிருந்து வருவது அபூர்வம். விஞ்ஞானிக்கும் இந்தக் கேள்வி தேவை. யாருடைய உயிருக்காக எதைக் கண்டுபிடிக்க வேண்டும் என்பது கேள்வி கேட்பவரைப் பொறுத்து மாறும்.

அரிட்டாபட்டி இன்னொரு சாட்சி. 2022-ல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் மரபுத் தலமாக அறிவிக்கப்பட்ட ஊர் அது. 2024-ல் அதையும் உள்ளடக்கிய பகுதி டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் போனபோது, மேலூர் வட்டாரமே திரண்டது. 2025 ஜனவரியில் ஏலம் ரத்தானது. அந்த நாட்களில் டங்ஸ்டன் என்றால் என்ன, பாறைக்குள் அது எப்படி இருக்கிறது, தோண்டினால் கிணற்று நீர் என்னவாகும் என்று கேட்காத பிள்ளை அந்த வட்டாரத்தில் இருந்திருக்காது. அந்தக் கேள்விகளோடு ஒரு புவியியல் அறிஞரை ஒரு மணி நேரம் இணைத்திருந்தால், ஓராண்டுப் பாடம் ஒரே நாளில் நடந்திருக்கும்.

பதில் சொல்ல ஆள் இருக்கிறது

வெளிநாட்டு விஞ்ஞானியைத் தேடிப் போக வேண்டாம். மதுரையைச் சுற்றி நூற்றுச்சொச்சம் கிலோமீட்டருக்குள் இருப்பவர்களே போதும். காமராசர் பல்கலைக்கழகத்தின் மரபியல் துறை கொந்தகை எலும்புகளின் டி.என்.ஏ.வை ஆராய்கிறது. ஒத்தக்கடையில் வேளாண் கல்லூரி 1965 முதல் இருக்கிறது. கண்ணுக்குள் வைக்கும் லென்ஸை ஆரோலேப் 1992 முதல் மதுரையிலேயே தயாரிக்கிறது. காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் மின்கலம், துருப்பிடித்தல் பற்றி ஆராய்கிறது. கொடைக்கானல் ஆய்வகம் நூறாண்டுகளுக்கு மேலாகச் சூரியனைப் படமெடுக்கிறது. நியூட்ரினோ ஆய்வுக்கான 85 டன் எடையுள்ள முன்மாதிரிக் கருவி 2018-ல் மதுரையில் இயங்கத் தொடங்கியது. பொட்டிப்புரம் திட்டம் வேண்டும் என்று நின்றாலும் வேண்டாம் என்று நின்றாலும், அந்தக் கருவி என்ன செய்கிறது என்று கேட்கும் உரிமை நம் பிள்ளைகளுக்கு உண்டு.

இப்படிப்பட்ட வளாகங்களுக்குள் நம் மக்கள் போகாமலில்லை. கட்டட வேலைக்கும் தோட்ட வேலைக்கும் துப்புரவுக்கும் போகிறார்கள். அவர்களின் பிள்ளைகள் கேள்வியோடு போக வேண்டும் என்பதுதான் நாம் கேட்பது.

மொழியும் தடையில்லை. சந்திரயான்-3 திட்ட இயக்குநர் வீரமுத்துவேல் விழுப்புரத்துக்காரர், ரயில்வே தொழிலாளியின் மகன், பாலிடெக்னிக்கில் தொடங்கியவர். ஆதித்யா-எல்1 திட்டத்தை நடத்திய நிகர் ஷாஜி செங்கோட்டையில் அரசுப் பள்ளியில் படித்தவர். மயில்சாமி அண்ணாதுரை கோவை மாவட்டக் கிராமத்தில் தமிழ்வழியில் படித்தவர். தமிழில் அறிவியல் பேச ஆள் இல்லை என்பது பொய்.

ஆனால், ஒரு உண்மையை மறைக்கக் கூடாது. திரையில் வரும் விஞ்ஞானிகளில் நம்மவர் மிகக் குறைவாகவே இருப்பார்கள். 'நேச்சர்' அறிவியல் இதழ் 2023 ஜனவரியில் வெளியிட்ட கட்டுரையின்படி, முன்னணி ஐந்து ஐ.ஐ.டி.க்களின் பேராசிரியர்களில் 98 விழுக்காட்டினர் இடஒதுக்கீட்டுக்கு வெளியே உள்ள சாதியினர். தமிழ்நாட்டு மக்கள்தொகையில் ஐந்தில் ஒருவர் பட்டியல் சாதியினர். இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், ஆய்வகத்துக்குள் சாதி இல்லை என்று யாரும் சொல்ல முடியாது.

நட்சத்திரங்களின் ஒளியைப் படிக்க 1920-ல் சமன்பாடு தந்த மேகநாத் சாகா, தாழ்த்தி வைக்கப்பட்ட சாதியில் பிறந்தவர் என்பதற்காகக் கல்கத்தா விடுதியில் உடன் உண்ண மறுக்கப்பட்டவர். கார்ல் சேகனைப் போல அறிவியல் எழுத்தாளராக விரும்பிய ரோஹித் வெமுலாவை 2016 ஜனவரி 17 அன்று ஹைதராபாத்தில் இழந்தோம். விஞ்ஞானியின் கதையைச் சொல்லும்போது இந்தக் கதையையும் சொல்ல வேண்டும். அழைக்கப்படும் விஞ்ஞானிகளில் தலித் ஆய்வாளர்கள், பெண்கள், முதல் தலைமுறைப் பட்டதாரிகள் கட்டாயம் இருக்க வேண்டும். முனைவர் பட்ட மாணவராக இருந்தாலும் பரவாயில்லை. 'எங்க தெரு மாதிரி ஒரு தெருவிலிருந்து போன அக்கா' திரையில் வந்தால், அந்தப் பிள்ளை கேட்கும் கேள்வியே வேறாக இருக்கும்.

இரண்டு மறுப்புகள்

முதல் மறுப்பு: 'கழிப்பறை இல்லை, அறிவியல் ஆசிரியர் இல்லை, இதில் ஆன்லைன் விஞ்ஞானி எதற்கு?' நியாயமான கோபம். காலிப் பணியிடத்தை நிரப்பாமல் திரையைக் காட்டி ஏமாற்ற யாரையும் விடக் கூடாது. விஞ்ஞானி ஆசிரியருக்கு மாற்று கிடையாது. ஆனால், எல்லாக் குறையும் தீர்ந்த பிறகுதான் அறிவியல் வர வேண்டும் என்றால், அது வருவதற்குள் இன்னும் இரண்டு தலைமுறை போய்விடும். வசதியான பள்ளிகள் அதுவரை காத்திருக்கப் போவதில்லை.

இரண்டாவது மறுப்பு: 'அறிவியலுக்கு ஏது சாதி? தலித் பிள்ளைகளுக்கு எதற்குத் தனி நிகழ்ச்சி?' தனி நிகழ்ச்சியை நாமும் கேட்கவில்லை. ஆதிதிராவிடர் நலப் பள்ளியும் ஊர்ப் பள்ளியும் ஒரே திரையில், ஒரே விஞ்ஞானியிடம் கேட்கட்டும். வரிசை மட்டும் மாறட்டும். 2022 நவம்பர் 28 அன்று நடமாடும் அறிவியல் ஆய்வகமான 'வானவில் மன்றம்' திட்டத்தை, திருச்சி காட்டூரில் ஆதிதிராவிடர் நல மகளிர் பள்ளியில்தான் முதலமைச்சர் தொடங்கிவைத்தார். தொடக்க விழாவுக்கு நம் பள்ளி பொருத்தமானது என்றால், தொடர்ந்து நடத்தவும் பொருத்தமானதுதான்.

மாவட்ட நிர்வாகத்திடம் கேட்பது

ஒன்று. மாதம் ஒருமுறை, பள்ளி நேரத்தில், உயர்தொழில்நுட்ப ஆய்வகத்தில், தமிழில் ஒரு விஞ்ஞானி சந்திப்பு. ஒரு நிகழ்ச்சிக்கு இரண்டு மூன்று வகுப்புகளுக்கு மேல் வேண்டாம். ஆயிரம் பள்ளிகளை ஒரே நேரத்தில் சேர்த்தால் அது கூட்டம், உரையாடல் இல்லை.

இரண்டு. முதல் சுற்று ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளுக்கும், கள்ளர் சீரமைப்புப் பள்ளிகளுக்கும், ஒன்றியத்தின் கடைக்கோடி நடுநிலைப் பள்ளிகளுக்கும். ஆய்வகம் இல்லாத பள்ளிப் பிள்ளைகளை அருகிலுள்ள பள்ளிக்கு அழைத்துவர வண்டிச் செலவு.

மூன்று. விடுதிகள். 2025-ல் மாநிலத்தின் 2,739 நலத்துறை விடுதிகளுக்குச் 'சமூகநீதி விடுதி' என்று பெயர் மாற்றினார்கள். பெயர்ப்பலகையோடு நிற்காமல், மாலை நேரத்தில் விஞ்ஞானி பேச அங்கே ஒரு திரையும் இணைப்பும் வேண்டும். பட்டியல் சாதி, பழங்குடியினருக்கான வளர்ச்சி நிதிக்கு 2024-ல் சட்டமே வந்துவிட்டது. அதில் இதற்கு ஆகும் செலவு மிகச் சிறியது.

நான்கு. எத்தனை பேர் கலந்துகொண்டார்கள் என்ற கணக்கு வேண்டாம். எத்தனை பிள்ளைகள் கேள்வி கேட்டார்கள், எந்தப் பள்ளியிலிருந்து, அதில் பெண்கள் எத்தனை பேர் என்ற கணக்கை ஒவ்வொரு மாதமும் வெளியிட வேண்டும்.

அறிவியல் மனப்பான்மையை வளர்ப்பதும், கேள்வி கேட்டு ஆராயும் உணர்வை வளர்ப்பதும் ஒவ்வொரு குடிமகனின் கடமை என்று அரசியல் சட்டத்தின் 51-ஏ பிரிவு சொல்கிறது. தீண்டாமையை ஒழித்த 17-வது பிரிவும் அதே புத்தகத்தில்தான் இருக்கிறது. இரண்டும் ஒரே வகுப்பறையில் நடைமுறைக்கு வர வேண்டும்.

அரசாணை வரும்வரை காத்திருக்கத் தேவையில்லாத வேலையும் ஒன்று இருக்கிறது. ஆசிரியர்களே, நாளைக் காலை உங்கள் வகுப்பில் ஒரு அட்டைப்பெட்டி வையுங்கள். மாணவர்களே, உங்கள் தெருவில், உங்கள் வயலில், உங்கள் அம்மா அப்பாவின் வேலையில் நீங்கள் பார்த்துப் புரியாத ஒன்றைப் பெயர் போடாமல் எழுதிப் போடுங்கள். பெட்டி நிறைந்ததும் அதை ஒத்தக்கடைக்கோ காரைக்குடிக்கோ காமராசர் பல்கலைக்கழகத்துக்கோ அனுப்பி, 'பதில் சொல்ல எப்போது வருகிறீர்கள்?' என்று கேளுங்கள்.